ஆத்தியப்பர் கை

நல்லான்குளம் ஆத்தியப்பர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தாளாளர் சிற்சபேசனிடம் எழுபது வயது வரை யாரும் 'விளங்கவில்லை' என்று சொன்னதில்லை. தான் சொல்வதெல்லாம் அவ்வளவு தெளிவு என்று அவர் நம்பினார். அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்களும் அவர் வீட்டில் சம்பந்தம் செய்தவர்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பவில்லை. கடைசியில் அதைச் சொன்னது ஒரு பெண்குழந்தை. அதுவும் உயிருள்ள குழந்தை அல்ல, வெளிச்சத்தால் செய்த குழந்தை.

அவருடைய நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. வீடு அப்படிப்பட்டது. அவருடைய தாத்தா ஆத்தியப்பர் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தலைமையாசிரியரின் சான்றிதழை எடுத்தாலும் அடியில் இந்த வீட்டுக் கையொப்பம் இருக்கும். கல்லூரிக்குள் நுழைந்தால் கட்டடம், நூலகம், தண்ணீர்த் தொட்டி, வெண்கல மணி, சைக்கிள் கொட்டகை எல்லாவற்றிலும் ஆத்தியப்பர் பெயர் பொறித்திருக்கும். கழிப்பறை மட்டும் அரசு நிதியில் கட்டியது, ஆகவே பெயர் தப்பியது.

அந்த வீட்டுக் கல்யாணங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளியோடு சேர்த்து ஆத்தியப்பர் நடத்திய சிறுவர் பள்ளியைச் சோதிக்க ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கை தூக்கியது. ஆத்தியப்பர் எழுப்பிவிட்ட ஒவ்வொரு பையனும் சரியாகப் பதில் சொன்னான். இன்ஸ்பெக்டர் அசந்துபோய்த் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போனார். சூட்சுமம் முந்தின நாளே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. தெரிந்தவன் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவன் இடது கையைத் தூக்க வேண்டும். ஆத்தியப்பர் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடது கைக்கு 'ஆத்தியப்பர் கை' என்று செல்லப் பெயர். தாத்தாவின் சாதுரியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று எத்தனை பிள்ளைகள் இடது கையைத் தூக்கினார்கள் என்பதைக் கதை சொல்வதில்லை. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஓட்டுநர் இல்லாத பேருந்து நல்லான்குளத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டில்தான் பாவை வகுப்பும் வந்தது. அதற்கு முன் ஆசிரியராவது சிரமமில்லாத காரியமாக இருந்தது. கல்லூரியில் சேர வேண்டும், பரீட்சைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இடையில் பள்ளிக்கூடம் சென்று கற்பித்துப் பழக வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியை எல்லோரும் மதித்தார்கள், தொந்தரவு மட்டும் செய்யவில்லை. பாடக் குறிப்பும் வண்ண வரைபடங்களும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் அழகான கையெழுத்தில் தயாராகக் கிடைத்தன. வாங்கியவர் பெயரை எழுதினால் போதும். தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் முத்திரை குத்தித் தருவார். இப்படி ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள் நேராக வகுப்பறைக்குள் போய் நின்றார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்தார்கள், அவர்கள் கரும்பலகையைப் பார்த்தார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வரவில்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை வரும். ஆண்டுதோறும் தலைநகரில் வருத்தப்படுவார்கள். ஒரு வருடம் வருத்தம் கூடுதலாகிவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியிலும் பாவை வகுப்பு அமைக்க வேண்டும், அதில் தேறாத ஆசிரியர்களை உண்டாக்கும் கல்லூரியின் அங்கீகாரம் ரத்தாகும் என்று உத்தரவு வந்தது.

நூலகத்திலிருந்த அலமாரிகளைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டு அங்கே வகுப்பை நிறுவினார்கள். விளக்கு எரிந்ததும் நாற்பது பிள்ளைகள் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினான். தொட்டால் கை காற்றில் போயிற்று.

சிற்சபேசனின் மருமகள் உமையாள் அந்தக் கல்லூரியிலேயே கணிதம் கற்பிக்கும் முறையை நடத்துகிறவள். மகன் வெளிநாட்டில் இருந்தான். வீட்டில் அவள் மாமனாரிடம் அதிகம் பேசுவதில்லை. பாவை வகுப்பைப் பற்றி மட்டும் அவளே வந்து விளக்கினாள்.

"இது சினிமாப்படம் இல்ல மாமா. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க எப்படிப் பேசுது, எதுல தடுமாறுது, எப்போ தூங்கி வழியுதுன்னு வருஷக்கணக்காக் கேட்டுவச்சுச் செஞ்சது. ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தா வெளங்கும். இல்லேன்னா வெளங்காது. இதுங்களுக்கு நடிக்கத் தெரியாது."

"நடிக்கத் தெரியாத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு?" என்றார் சிற்சபேசன்.

"அதனாலதான் செஞ்சு அனுப்பியிருக்காங்க."

மற்றதையும் அவள் சொன்னாள். பாவைகளும் பிள்ளைகளைப் போலவே பழகிக்கொள்ளும். ஓர் ஊர்ப் பாவை புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்றால், அது மைய இயந்திரத்தின் வழியாக நாட்டிலுள்ள எல்லாப் பாவைகளுக்கும் போய்ச் சேரும். பிள்ளைகளின் சுபாவம் எங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. தேர்வும் எளிமையானது. பாடம் முடிந்ததும் சுவரிலிருந்து ஒரு குரல், யாருக்கெல்லாம் விளங்கியது என்று கேட்கும். விளங்கியவர்கள் கையைத் தூக்குவார்கள். அவர்களில் சிலரை ஆசிரியர் தாமே எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டும். தூக்கிய கைகளும் சொன்ன பதில்களும் மதிப்பெண் ஆகும்.

பிள்ளை பொய்யாகக் கை தூக்காது என்று தீர்மானித்து அந்த இயந்திரத்தைச் செய்த பொறியாளர் எந்த நாட்டில் படித்தாரோ தெரியவில்லை.

ஒத்திகைக்காகப் பயிற்சி மாணவர்களைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த அருள்தங்கம் என்பவன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவன் கல்லூரிக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. முதல்வர் அறை எது என்று முதல்வரிடமே கேட்டான். பாவை வகுப்பில் பின்னங்களைப் பற்றிய பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டான். குரல் கேட்டது. நான்கைந்து கைகள் மேலே போயின. எப்படிக் கற்பித்தாலும் விளங்கிக்கொள்கிற பிள்ளைகள் எந்த வகுப்பிலும் நான்கைந்து பேர் இருப்பார்கள். நாடு அவர்களை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து முதல்வர் முனைவர் கோமதிநாயகம் தாமே நடத்திக் காட்ட முன்வந்தார். கற்பித்தலின் தத்துவங்களைப் பற்றி ஆராய்ந்து முனைவரானவர் அவர். பாடத்தின் பாதியிலேயே கடைசி வரிசை தூங்கிவிட்டது. பாவைகளுக்கு உண்மையில் தூக்கம் வராது என்று அவற்றைச் செய்த கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இருந்தும் தூங்கின.

அன்று மாலையே சிற்சபேசன் வெள்ளை வேட்டியும் சட்டையும் மடிப்புக் கலையாமல், முதுகு வளையாமல், பாவை வகுப்புக்குள் போனார். கல்லூரியின் மானத்தைக் கூலிக்கு வந்தவர்கள் காப்பாற்ற மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். பலகையில் அரையைக் காலால் வகுக்கும் கணக்கை எழுதினார். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கினார். விடை இரண்டு என்று அடிக்கோடு போட்டுவிட்டு, விளங்கியதா என்று கேட்டார். அவர் கேட்பது எப்போதும் கேள்வியாக இருந்ததில்லை. கேட்டதும் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். திரும்பி வாசலை நோக்கி நடந்தவரைப் பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"வெளங்கல சார்."

கடைசி பெஞ்சில் எண்ணெய் வழியும் தலையோடு ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். மாரிக்கனி என்று சட்டையில் பெயர் இருந்தது.

"வகுத்தா கொறையத்தானே சார் செய்யணும்? அரை எப்படி ரெண்டாக் கூடிச்சு? ரெண்டாவதை என்னத்துக்குத் தலைகீழாப் போடுதோம்?"

சிற்சபேசன் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அது அப்படித்தான் என்றார். யார் அப்படிச் சொன்னது என்று அவள் கேட்டாள். அவருடைய பள்ளி நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் ஒருவன் முட்டி போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. பதில் ஞாபகம் வரவில்லை. அந்தப் பையனுக்கும் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. காற்றைக் காதைப் பிடித்துத் திருக முடியாது. ஆகவே அவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது உமையாள் ஒரு யோசனை சொன்னாள். உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம், எங்கள் மாணவர்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி ஒரு வருடம் அவகாசம் கேட்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள். அந்த ஒரு வருடமும் அருள்தங்கத்தைப் போன்றவர்களைத் தினமும் வரச் செய்து பாவைகளின் முன்னால் நிறுத்த வேண்டும். தோற்பார்கள், தோற்றுத் தோற்றுப் பழகுவார்கள்.

"தயாராகலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு போடுதது?"

"நீங்கதான் மாமா."

"ஆத்தியப்பர் கல்லூரின்னு தலைப்பு அச்சடிச்ச தாள்ல?"

அவள் மோர் ஊற்றினாள். அந்தத் தாளில் இந்த வீடு இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, அவகாசம் கேட்டதில்லை. அங்கீகாரம் போனால் வாசல் வளைவிலிருந்து பெயர்ப்பலகையை இறக்க வேண்டியிருக்கும். அதை ஊர் பார்க்கும். அதற்கு முன் தன் உயிர் போய்விட வேண்டும் என்று சிற்சபேசன் நினைத்தார். ஆனால் தனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பது அதைவிடக் கேவலம் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உமையாள் அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டாள். கல்லூரி விட்ட பிறகு பாவை வகுப்புக்குள் போய் உட்காருவாள். முதல் நாள் மாரிக்கனிக்குப் படம் போட்டுக் காட்டினாள். "வெளங்கல டீச்சர்." இன்னொரு நாள் காகிதத்தை மடித்துக் காட்டினாள். "வெளங்கல டீச்சர்." பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு கருப்பட்டியும் கத்தியும் எடுத்துப் போனாள். அதைத் தேடிச் சமையற்காரம்மாள் சத்தம் போட, சிற்சபேசன் விஷயத்தை அறியக் கல்லூரிக்கே போய் நூலக வாசலில் நின்றார்.

உள்ளே உமையாள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக் கருப்பட்டியைக் காட்டி, இதில் எத்தனை கால் கருப்பட்டி இருக்கிறது என்று கேட்டாள். ரெண்டு என்றாள் மாரிக்கனி. அப்படியானால் வகுத்தல் என்றால் என்ன கேள்வி கேட்கிறோம் என்றாள் உமையாள். சிறுமி பாதிக் கருப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமையாள் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்த முகத்தில் ஏதோ நகர்ந்தது.

"இதுக்குள்ள அது எத்தனை இருக்குன்னு கேக்கோம். ஒரு முழுசுக்குள்ள கால் நாலு இருக்கு. அந்த நாலுதான் மேல வருது. அரைக்கு அதுல பாதி. ரெண்டு." சற்று நிறுத்தினாள். "அப்போ தலைகீழாப் போடுததுல மாயம் ஒண்ணும் இல்லியா டீச்சர்?"

சிற்சபேசன் இவ்வளவும் கேட்கும் தூரத்தில்தான் நின்றார். ஆனால் அவர் கருப்பட்டியைப் பார்க்கவில்லை. ஆத்தியப்பர் வீட்டு மருமகள் தரையில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்தார். கதவு திறந்து கிடந்ததையும், கூட்டுகிறவள் அந்தப் பக்கம் போனதையும் பார்த்தார். விளங்க வேண்டியது அவருக்கு அன்று அவ்வளவுதான் விளங்கியது.

வீடு திரும்பும்போது அவருக்கு இன்னொன்றும் தோன்றிவிட்டது. இந்தப் பாவைகள் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கற்றுக்கொள்கின்றன. எதையும் என்றால் எதையும்தானே.

தேர்வுக்கு முந்தின வாரம் அவர் தனியாகப் பாவை வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கைப் போட்டதும் சுவர்க் குரல் வழக்கம்போல், புதிய பாடமென்றால் அதற்குப் பெயர் சொல்லும்படி கேட்டது. எதற்கும் பெயர் வைக்கச் சொன்னால் அந்த வீட்டார் யோசிப்பதில்லை. 'ஆத்தியப்பர் பாடம்' என்றார் சிற்சபேசன்.

பிறகு அவர் பேசியதைக் கேட்டிருந்தால் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் பெருமைப்பட்டிருக்கும். கதையோடு ஆரம்பித்தார். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரின் தொப்பியை நடித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒவ்வொரு வரிசையாகப் போய், தெரிந்தால் எந்தக் கை, தெரியாவிட்டால் எந்தக் கை என்று தனித்தனியே கேட்டார். தவறியவனைத் திட்டாமல் மறுபடி கேட்டார். இடது கைக்கு என்ன பெயர் என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தார். மாரிக்கனி எழுந்து நின்றாள்.

"வெளங்காதவங்க எதுக்கு சார் கை தூக்கணும்?"

"வெளங்கலைன்னு யாருக்கும் தெரியக் கூடாதுல்லா? உனக்கும் மரியாதை, டீச்சருக்கும் மரியாதை, பள்ளிக்கூடத்துக்கும் மரியாதை."

மாரிக்கனி கொஞ்சம் யோசித்தாள். அவள் வாழ்நாளில் அவளுடைய கேள்விக்கு ஒரு பெரிய மனிதர் சொன்ன முதல் தெளிவான பதில் அதுதான். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். யாருக்கெல்லாம் விளங்கியது என்று சுவர்க் குரல் கேட்டது. நாற்பது கைகளும் மேலே போயின, நாற்பதும் வலது கை. ஐம்பது ஆண்டுகளாக ஆசிரியர்களை உண்டாக்கிக்கொண்டிருந்த மனிதர் முதல்முறையாக ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரு பாடத்தை விளங்க வைத்திருந்தார்.

தேர்வு அமோகமாக நடந்தது. அருள்தங்கம் அதே பக்கத்தை அதே வேகத்தில் வாசித்தான். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. தாளாளர் சொல்லிவைத்தபடி வலது கைக்காரர்களை எழுப்பினான். சரியான பதில்கள் வந்தன. பார்வையிட வந்த குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான், அவர்களில் ஒருவருக்காவது பழைய ஞாபகம் ஏதாவது வந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு சொல்லியிருந்தது.

அன்று மாலை உமையாள் பாவை வகுப்புக்குள் போனாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும் என்று மாரிக்கனியிடம் கேட்டாள். சிறுமி சிரித்த முகத்தோடு இடது கையைத் தூக்கினாள்.

"வெளங்குச்சு டீச்சர்."

என்ன விளங்கியது என்று உமையாள் கேட்டாள். சிறுமி கையை இறக்காமல் அதே சிரிப்போடு நின்றாள். கருப்பட்டியைக் காட்டியபோதும் கை இறங்கவில்லை.

உமையாள் நேராக மாமனாரின் அறைக்கு வந்து நின்றாள். "ஒரு பிள்ளையைக் கெடுத்துட்டீங்க மாமா."

"அது பிள்ளை இல்ல, வெளிச்சம்."

"வெளிச்சத்தையே கெடுக்க முடியும்னு நான் இன்னிக்குத்தான் பாத்தேன்."

அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். உமையாள் மைய இயந்திரத்தை நடத்தும் நிலையத்துக்கு எழுதினாள். பாவைகள் பொய்ப் பழக்கம் கற்றுவிட்டன, அழித்துவிட்டு முன்னிருந்தபடி ஆக்குங்கள் என்று கேட்டாள். இப்போது எல்லா இடத்திலிருந்தும் நல்ல முடிவுகள் வந்துகொண்டிருப்பதால் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அடுத்த மாதமே அவள் கல்லூரி வேலையை விட்டாள். மலையடிவாரத்து ஊராட்சிப் பள்ளி ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு, அந்த ஊரிலேயே தனியாக வீடு எடுத்துப் போய்விட்டாள். மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள் என்று உறவினர்களிடம் சிற்சபேசன் சொல்லிவைத்தார்.

நல்ல முடிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. நல்லான்குளத்துப் பாவைகளின் புதுப் பழக்கம் அந்த வாரத்திலேயே நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த மாநிலத்தில் எந்த மொழியில் எவ்வளவு மோசமாகப் பாடம் நடத்தினாலும் எல்லாக் கைகளும் மேலே போயின. வலது கைக்காரர்களை மட்டும் எழுப்ப வேண்டும் என்பதை எல்லாக் கல்லூரிகளும் சீக்கிரமே கண்டுகொண்டன. இரண்டொரு வருடத்தில் இந்த நாட்டின் ஆசிரியர் பயிற்சி உலகத்துக்கே முன்மாதிரி என்று ஆகிவிட்டது. வெளிநாடுகளிலிருந்து பார்க்க வந்தார்கள். கை தூக்கும் படம் பாடநூலின் அட்டையில் வந்தது. சிற்சபேசனைத் தலைநகருக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். வகுப்பில் யாருக்கும் விளங்காமல் இருப்பது இனி இந்த நாட்டில் கிடையாது என்று மேடையில் ஒருவர் பேசினார். அவர் பேச்சு சிற்சபேசனுக்கு முழுவதும் விளங்கியது.

ஒரே ஒரு சில்லறைத் தொந்தரவு மிச்சமிருந்தது. புதிய ஆசிரியர்கள் போய் நின்ற நிஜப் பள்ளிகளில் நிஜப் பிள்ளைகள் விளங்கவில்லை என்று சொன்னார்கள். ஆசிரியர்கள் திகைத்தார்கள், பயிற்சியில் அப்படி ஒரு பிள்ளையை அவர்கள் கண்டதில்லை. பிள்ளைகளிடம்தான் ஏதோ கோளாறு என்று தலைநகரில் ஆராய்ந்து முடிவு செய்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கு பாவைகளை அனுப்பி, நிஜப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைத்து, வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்று பழக்க ஏற்பாடாயிற்று.

அருள்தங்கத்துக்கு உள்ளூரிலேயே அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. டிராக்டர் கடையும் நன்றாக ஓடியது. அந்தப் பள்ளியின் ஆண்டாய்வுக்குச் சிற்சபேசனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். தலைநகரில் போர்த்திய சால்வையோடு அவர் போனார்.

விளையாட்டுத் திடலைக் கடக்கும்போது இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பொய் சொல்லுதாம்ல, இவன் சுத்த ஆத்தியப்பரு" என்றான் ஒருவன். தாத்தாவின் பெயர் காதில் விழுந்ததும் சிற்சபேசனின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கூட வந்த தலைமையாசிரியையிடம் கேட்டார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, பிள்ளைகள் ஏதோ விளையாடுகின்றன என்றார். உள்ளே போய்க் காபி சாப்பிடலாம் என்றார்.

காபியைக் கொண்டுவந்த அருள்தங்கம் அவ்வளவு நாசூக்கு பார்க்கிறவன் இல்லை.

"உங்க தாத்தா பேருதான் ஐயா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டுதவனுக்கு ஆத்தியப்பருன்னுதான் இப்போ பேரு. பாவைங்க சொல்லிப் பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டாங்க. வடக்க இருந்து வந்த ஆபீசர்கூட அப்படித்தான் சொன்னாரு. நாடு பூராப் புழங்குது ஐயா."

அவன் மனதாரப் பெருமையோடுதான் சொன்னான். சிற்சபேசன் காபியைக் கீழே வைத்தார். தண்ணீர்த் தொட்டியிலும் வெண்கல மணியிலும் பொறித்தபோது நாலு ஊருக்குத் தெரிந்திருந்த பெயர் அது.

வகுப்பில் பின்னங்கள் நடந்துகொண்டிருந்தன. அரையைக் காலால் வகுத்துக் காட்டிவிட்டு, எல்லோருக்கும் விளங்கியதா என்று அருள்தங்கம் கேட்டான். பாவைகளும் பிள்ளைகளும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். எங்கு பார்த்தாலும் இடது கை. கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்த பாவை, மாரிக்கனி என்று சட்டையில் பெயர் எழுதியது, கையைத் தூக்கியபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி செண்பகவல்லி," என்றான் அருள்தங்கம், "ஆத்தியப்பரைத் தூக்கு."

"தூக்க மாட்டேன் சார். எனக்கு வெளங்கல."

தலைமையாசிரியை இருமினார். அருள்தங்கம் சமாளித்துக்கொண்டு, இன்று பெரிய ஐயாவே வந்திருக்கிறார்கள், அவர்களே சொல்வார்கள் என்று சுண்ணக்கட்டியை நீட்டினான். மறுக்க வழியில்லை. சிற்சபேசன் எழுந்து பலகைக்குப் போனார். என்ன விளங்கவில்லை என்று கேட்டார்.

"வகுத்தா கொறையணும்லா சார்? இது கூடுதே. ரெண்டாவதை என்னத்துக்குத் தலைகீழாப் போடுதோம்?"

அவர் பலகையைப் பார்த்தார். அரை இருந்தது, கால் இருந்தது. கருப்பட்டி என்று ஏதோ ஒன்று ஞாபகத்தின் ஓரத்தில் அசைந்தது. நூலகத்து வாசல் தெரிந்தது, தரையில் உட்கார்ந்திருந்த உமையாள் தெரிந்தாள், கூட்டுகிறவள் அந்தப் பக்கமாகப் போனதுகூடத் தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் வரவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல இரண்டு வார்த்தைகள் போதும். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு அந்த வீட்டுத் தொண்டையில் வழி இருந்ததில்லை. கரும்பலகைக்கு முன்னால் முகம் வியர்த்தது. மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கியது. வலது கையில் சுண்ணக்கட்டி இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட அவருடைய இடது கை மேலே போயிற்று.

வகுப்பு முழுவதும் அதைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தங்களில் ஒருவரை அடையாளம் கண்டுகொண்டவர்களைப் போலப் பிள்ளைகள் மெதுவாகத் தலையை ஆட்டினார்கள். உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

செண்பகவல்லிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பரவால்ல சார்," என்றாள். "ஒக்காருங்க."

சிற்சபேசன் உட்கார்ந்தார்.